நிதிக் குழுவின் முன் நூலகத்துக்காகப் பேசுவது எப்படி? கல்லூரி நூலகர்களுக்குச் சில வழிமுறைகள்

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய கல்லூரியின் நிதிக் குழுக் கூட்டத்துக்கு மார்ச் மாதக் கடைசியில் பதினான்கு பக்கக் கோரிக்கைப் பட்டியலுடன் போனேன். செயலாளர் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பாமல், "எல்லாம்தான் ஆன்லைனில் கிடைக்கிறதே, இவ்வளவு புத்தகம் எதற்கு?" என்று கேட்டார். சொல்ல ஏராளம் இருந்தும், எடுத்துக்காட்ட ஓர் எண்கூட என் கையில் இல்லை. ஒதுக்கீடு ஜனவரியிலேயே ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தத் தோல்விக்குப் பின் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதல் வேலை, எண்ணத் தொடங்குவது. வாயிலில் உள்ள வருகைப் பதிவேட்டில் மாணவர்கள் பெயரையும் துறையையும் எழுதுகிறார்கள். வெளியேறும் நேரத்தை யாரும் எழுதுவதில்லை. அந்தப் பத்தியை நிரப்பச் செய்தால், நூலகத்தில் ஒருவர் பத்து நிமிடம் இருந்தாரா, மூன்று மணி நேரம் இருந்தாரா என்பது தெரியும். கோஹா போன்ற நூலக மேலாண்மை மென்பொருள் இருந்தால், துறைவாரியாக எத்தனை நூல்கள் வழங்கப்பட்டன, ஐந்தாண்டுகளாக யாரும் தொடாத நூல்கள் எவை என்ற அறிக்கைகளை மாதந்தோறும் எடுத்து வையுங்கள். நமக்குச் சாதகமில்லாத எண்களையும் மறைக்க வேண்டாம்; அவற்றை நாமே முன்வைத்தால்தான் மற்ற எண்களை நம்புவார்கள்.

இவற்றைவிட எனக்குப் பெரிதும் உதவியது, நூல் வழங்கும் மேசையில் வைத்த நாற்பது பக்க நோட்டு ஒன்று. எங்கள் உதவியாளர் அதற்கு 'இல்லை நோட்டு' என்று பெயர் வைத்தார். ஒரு மாணவர் கேட்ட நூல் கிடைக்காமல் திரும்பும்போதெல்லாம் தேதி, நூலின் பெயர், வகுப்பு ஆகிய மூன்றையும் அதில் குறிப்போம். மூன்றே மாதத்தில், வணிகவியல் இரண்டாமாண்டுப் புள்ளியியல் பாடநூல் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு எங்களிடம் இருந்தவை நான்கு படிகள், அவற்றிலும் ஒன்று அட்டை கிழிந்து பைண்டிங்குக்குப் போயிருந்தது. வழங்கிய நூல்களின் கணக்கு நாம் செய்த வேலையை மட்டுமே காட்டும். செய்ய முடியாமல் போனதைக் காட்ட இப்படி ஒரு நோட்டு வேண்டும்.

மின்னிதழ், தரவுத்தளம் போன்ற மின்வளங்களுக்கு, ஒரு பயன்பாட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட்டு வையுங்கள். உதாரணமாக, 40,000 ரூபாய் சந்தா கட்டிய தரவுத்தளத்திலிருந்து ஆண்டில் 800 கட்டுரைகள் பதிவிறக்கப்பட்டால் ஒரு கட்டுரைக்கு 50 ரூபாய். இருபதே கட்டுரைகள் என்றால் 2,000 ரூபாய். எண் இரண்டாவது வகையில் வந்தால் சந்தாவைக் குறைகூறுவதற்கு முன், ஆசிரியர்கள் ஒருமுறையேனும் உள்நுழைந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்நூல்களும் தரும் என்-லிஸ்ட் சேவையின் கடவுச்சொல்லை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அத்துடன் கடமை முடிந்தது என்று இருந்தவர்களில் நானும் ஒருவன். பிறகு துறை துறையாகச் சென்று, ஆசிரியரின் மேசையிலேயே அவருடைய ஆய்வுத் தலைப்பைத் தட்டச்சு செய்து காட்டியபோதுதான் பயன்பாடு உயர்ந்தது.

அடுத்தது, கல்லூரி ஏற்கெனவே பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ள இடங்களில் நூலகத்தைப் பொருத்துவது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பு 2017இல் மாற்றியமைத்த மதிப்பீட்டு முறையில் 'கற்றல் வளமாக நூலகம்' என்பது நான்காம் அளவுகோலுக்குள் தனித் தலைப்பாகவே இருந்தது. தானியக்கம், சந்தா, ஆண்டுச் செலவு, அன்றாடப் பயன்பாடு எல்லாம் அதில் கேட்கப்பட்டன. பார்வைக் குழு வருவதற்கு இரண்டு வாரம் முன் அவசரமாகப் புள்ளிவிவரம் தயாரிப்பவராக நம்மை முதல்வர் நினைத்துவிடக் கூடாது. உள்தர உறுதிப் பிரிவில் ஆண்டு முழுவதும் ஓர் இடம் கேட்டுப் பெறுங்கள். ஆய்வு மையங்கள் உள்ள கல்லூரிகளில் வாய்ப்பு இன்னும் பெரியது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இலேயே விதி வகுத்தது. 2018ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள் பிறர் எழுத்துடன் 10 சதவீதத்துக்கு மேல் ஒத்திருப்பதைத் தண்டனைக்குரிய நிலைகளாகப் பிரித்தன. ஆய்வேட்டை மின்வடிவில் சேர்ப்பது, கருத்துத் திருட்டைச் சோதிப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் நூலகம் முன்வந்து ஏற்றுக்கொண்டால், ஆய்வு நெறியாளர்கள் நமக்காகப் பேசத் தொடங்குவார்கள்.

"எல்லாம்தான் ஆன்லைனில்" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் தயாராக இருக்க வேண்டும். மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதன்வழி கிடைக்கின்றன. நல்ல திட்டம், அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அது மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கானது. அதில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்கள். இளங்கலை மாணவருக்குத் தேவையான பாடநூலும், தமிழிலக்கிய மாணவர் தேடும் உரைநூலும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் மாலை வரை உட்கார ஒரு நாற்காலியும் அதில் வராது. இவ்வளவையும் இரண்டே நிமிடத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

கோரிக்கையை எழுதும்போது ஒரே பக்கம் போதும். மேலே, கேட்கும் தொகை. அதன் கீழே, அந்தத் தொகையால் எந்த வகுப்பின் எத்தனை மாணவர்களுக்கு என்ன மாறும் என்பது. கடைசியில், கொடுக்காவிட்டால் எது நின்றுபோகும் என்பது. டிசம்பருக்குள் எழுதி, முதல்வரிடம் கொடுப்பதற்கு முன் துறைத் தலைவர்கள் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். புள்ளியியல் நூல் வேண்டும் என்று கூட்டத்தில் நான் கேட்டால் அது நூலகச் செலவு. வணிகவியல் துறைத் தலைவர் கேட்டால் அது தேர்ச்சி விகிதம். நூலக ஆலோசனைக் குழு பெயரளவில் மட்டும் இருந்தால் பருவத்துக்கு ஒருமுறையாவது கூட்டி, கூட்ட முடிவுகளை எழுத்தில் அனுப்புங்கள்.

மாணவர்களின் குரலும் வேண்டும். ஆனால் அவர்களைக் கையெழுத்து வேட்டைக்கு அனுப்புவது முதல்வருடன் மனக்கசப்பைத்தான் தரும். நிலுவையின்மைச் சான்றுக்காக இறுதியாண்டு மாணவர்கள் வரிசையில் நிற்கும் நாள்களில், முத்திரை குத்தும் முன் "இங்கே கிடைக்காமல் வெளியே காசு கொடுத்து வாங்கியது எது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற, இந்திய நூலகவியலின் முன்னோடி சீ.இரா. அரங்கநாதன், 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முன்னின்றார். அவர் வலியுறுத்திய சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேற 1948 வரை இருபதாண்டுகள் ஆயின. அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12 அன்று நாம் படத்துக்கு மாலை போட்டு, கட்டுரைப் போட்டி நடத்தி முடித்துவிடுகிறோம். செயலாளரை அன்று அழைத்து, மாலை போட்ட கையோடு இல்லை நோட்டையும் புரட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

பணம் கிடைத்த பிறகு பலர் செய்யத் தவறுவது ஒன்று உண்டு: அது என்ன ஆயிற்று என்று கொடுத்தவரிடம் தெரிவிப்பது. எங்களுக்கு அந்தப் புள்ளியியல் நூலின் இருபது படிகள் வந்தன. அடுத்த பருவ முடிவில், அவை எத்தனை முறை வழங்கப்பட்டன என்ற கோஹா அறிக்கையுடன், அந்த நூலின் பெயர் ஒருமுறைகூட இடம்பெறாத இல்லை நோட்டின் மூன்று மாதப் பக்கங்களையும் நகலெடுத்துச் செயலாளருக்கு அனுப்பினேன். அடுத்த ஜனவரியில் நூலக ஒதுக்கீடு பற்றிப் பேச அவரே என்னை அழைத்தார்.