கிடுகு செருகவா, வேயவா, ஓடு போடவா?

மாங்குளத்தில் என்னிடம் லப்டொப் திருத்தக் கொண்டுவருகிறவர்கள் அடிக்கடி சொல்வது, "தம்பி, அப்டேட் கேட்டது, அமத்தினேன், அதோட சரி." அது பட்சா, அப்டேட்டா, அப்கிரேட்டா என்று கேட்டால் தெரியாது.

கிடுகு வீட்டில் இருந்தவர்களுக்கு இது லேசு. மழைக்கு ஓரிடம் ஒழுகுகிறது, அந்த ஓட்டைக்கு மட்டும் ஒரு கிடுகைச் செருகுகிறோம், அதுதான் பட்ச். மாரிக்கு முன் கூரையை முழுதாக வேய்ந்து, கையோடு தாழ்வாரத்தையும் ஒரு முழம் நீட்டிவிட்டால் அப்டேட். கிடுகைக் கழற்றிவிட்டு ஓடு போடுவது அப்கிரேட், அப்போதுதான் பழைய மரமும் மண்சுவரும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்ற கேள்வி வருகிறது.

பட்சைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 இல் வொன்னாக்ரை என்ற, பணம் பறிக்கும் நச்சுநிரல் உலகம் முழுக்கக் கொம்பியூட்டர்களைப் பூட்டியதே, அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14 அன்றே அடைத்துக் கொடுத்திருந்தது, போடாமல் விட்டவர்கள்தான் அடிபட்டார்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய் விண்டோஸுக்குப் பட்ச் வரும், இங்கே அப்போது இரவு பத்தரை தாண்டியிருக்கும், ஆகவே புதன் காலை பாருங்கள். ஒரு குழப்பம், விண்டோஸ் இதையும் அப்டேட் என்றுதான் எழுதும். பெயரில் 'செக்யூரிட்டி' அல்லது 'கியூமுலேட்டிவ்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மற்ற அப்டேட்டுகளுக்கு அவசரமில்லை, போன் டேட்டாவில் ஓடுகிறவர்கள் அது தானாக இறங்காமல் இருக்க வைஃபை செற்றிங்ஸில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' போட்டுவிட்டு இரவு டேட்டாவில் இறக்கலாம். செயலிகளில் 3.2.1 மாதிரி எண் இருக்கும். கடைசி எண் மாறினால் பட்ச், நடு எண் என்றால் அப்டேட், முதல் எண் என்றால் அப்கிரேட். எல்லாரும் இந்த ஒழுங்கைப் பார்ப்பதில்லை, அது வேறு கதை.

அப்கிரேட்டில்தான் என் தலை வெடிக்கிறது. போன மாரியில் ஓர் அக்கா கொண்டுவந்த லப்டொப், பற்றரி ஏற்கெனவே செத்தது, விண்டோஸ் 11 பாதி ஏறும்போது கரண்ட் போய்விட்டது, மகளின் ஏ.எல். குறிப்பெல்லாம் அதற்குள்தான், வேறெங்கும் பிரதி இல்லை, வன்தட்டைக் கழற்றி எடுத்துக் கொடுக்க எனக்கு இரண்டு நாள் போனது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால் ஆட்கள் அவசரப்படுகிறார்கள், விளங்குகிறது. ஆனால் 11 க்கு ஆகக் குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பழைய லப்டொப் பலவற்றில் அந்த டிபிஎம் இருக்காது. மைக்ரோசொஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலி இலவசம், முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் படம், பத்திரம் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு, சார்ஜை முழுதாக ஏற்றி, கரண்ட் போகாது என்று நம்பக்கூடிய நாளாகப் பார்த்து அமத்துங்கள். பிரிண்டர் வேலை செய்யாவிட்டாலோ, கடைக்கணக்குச் செயலி திறக்காவிட்டாலோ 10 நாளைக்குள் செற்றிங்ஸில் 'ரிக்கவரி'யில் போய்ப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம், அதுவரைக்கும் இடம் போதவில்லை என்று, பழைய விண்டோஸ் கிடக்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.