இன்டர்ன்ஷிப் ஆய்வுக்கு ஆடியோ டைரி: எங்கிருந்து தொடங்குவது?

எம்.பி.ஏ. மாணவர்கள் இன்டர்ன்ஷிப்பில் உண்மையில் என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்? எல்லாம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பியவர்களிடம் பேட்டி எடுத்தால் "நல்ல அனுபவம் சார்" என்றுதான் சொல்வார்கள். மீட்டிங்கில் வாயடைத்து நின்றது, எக்ஸெல் ஷீட்டை வைத்துக்கொண்டு முழித்தது எல்லாம் அதற்குள் மங்கிப்போயிருக்கும். அதை அன்றன்றைக்கே அவர்கள் குரலில் வாங்கிவிடுவதுதான் ஆடியோ டைரி.

முதலில் அளவு. 10 பேர், வாரம் 2 பதிவு, பதிவுக்கு 5 நிமிடம், 8 வாரம் என்று வைத்தாலே 13 மணி நேரத்துக்கு மேல் ஒலி சேர்ந்துவிடும். ஒரு மணி நேரத்தைத் தட்டச்சு செய்யவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும், தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு என்றால் இன்னும் கூடும். அதனால் ஆட்களைக் குறைவாகவே எடுங்கள்.

அடுத்து எழுத்துப்பூர்வமான சம்மதம். பெயரை நீக்கினாலும் குரல் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு மார்க் போடுபவர் நீங்களே என்றால், மதிப்பெண் முடிவாகும் வரை பதிவுகள் வேறொருவரிடம் இருக்கட்டும்.

இனி கேள்விகள். ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான். "உங்கள் தலைமைத்துவத் திறன் எப்படி மேம்பட்டது?" என்று கேட்டால் பரீட்சைப் பதில்தான் வரும். "இன்றைக்கு எங்கே திணறினீர்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? அப்புறம் என்ன செய்தீர்கள்?" இந்த மூன்றும் போதும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக அனுப்பச் சொன்னால் அவர்களுக்குப் பழகிய வழியாகவும் இருக்கும்.

முதல் வாரம் பெரும்பாலும் "காலையில் மீட்டிங், மதியம் ரிப்போர்ட்" என்று பட்டியல்தான் வரும். விட்டுவிடாமல் "அந்த மீட்டிங்கில் நீங்கள் பேசினீர்களா?" என்று ஒரே ஒரு வரி திருப்பிக் கேளுங்கள். "சூப்பர்" என்று மட்டும் பாராட்டாதீர்கள், உங்களுக்குப் பிடித்ததையே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

தட்டச்சு செய்யும்போது தயக்கம், சிரிப்பு, பெருமூச்சு எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் குறியுங்கள். "பரவால்ல, ஓகேதான்" என்பது எழுத்தில் திருப்தியாகத் தெரியும். கேட்டுப் பார்த்தால் தோற்றுப்போன குரலாக இருக்கலாம். ஆகவே கோடிங் செய்யும்போதும், அதாவது பேச்சைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிக்கும்போதும், ஹெட்போனைக் கழற்றாதீர்கள்.

கடைசியில் ஒரு பேட்டி. டைரியையும் பேட்டியையும் சேர்த்துச் செய்யும் முறையை ஸிம்மர்மேன், வீடர் என்ற இரு சமூகவியலாளர்கள் 1977-இலேயே எழுத்து டைரிகளை வைத்து விளக்கியிருக்கிறார்கள். நமக்கு இன்னும் வசதி: மாணவரின் பழைய பதிவையே போட்டுக் காட்டி, "அன்றைக்கு ஏன் இப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் இருங்கள்.