பிராசசர் சூட்டைப் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

திரையில் 62 டிகிரி என்று தெரிந்தால், சிப்புக்குள் தெர்மாமீட்டர் வைத்து அளந்த கணக்காக அதை எடுத்துக்கொள்கிறோம். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. இன்டெல் பிராசசரின் கோரில் இருக்கும் சென்சார் சூட்டைச் சொல்வதில்லை. உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதைத்தான் சொல்கிறது. அந்த வரம்புக்கு டிஜேமேக்ஸ் என்று பெயர். பல மாடல்களில் அது 100. சென்சார் 38 என்றால், மென்பொருள் 100-இல் 38-ஐக் கழித்து 62 என்று காட்டும். வரம்பை 85 என்று தப்பாக வைத்துக்கொண்ட மென்பொருளோ அதே நொடியில் 47 என்று காட்டும். இன்டெலின் பழைய கோர் 2 சிப்புகளின் காலத்தில் இப்படித்தான் ஆனது. பெரும்பாலான டெஸ்க்டாப் சிப்புகளில் வரம்பைப் படித்தறிய வழியில்லாததால், ஆளாளுக்கு ஊகித்தார்கள். இரண்டு மென்பொருள்கள் முரண்பட்டால் முதலில் இந்தக் கழித்தலைச் சந்தேகப்படுங்கள். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டை அப்புறம் பார்க்கலாம்.

கணினி சும்மா இருக்கும்போது வரும் எண்ணை நம்பி கூலரை எடைபோடுவதும் வேண்டாம். இந்த சென்சார் வரம்புக்குப் பக்கத்தில்தான் நம்பகமானது. கீழே வர வர பிழை கூடும். அறையில் 33 டிகிரி வெயில், வெறும் ஃபேன் காற்றில் ஓடும் சிப் 30 என்று காட்டுகிறதா? அப்படி நடக்கவே முடியாது, அளவுதான் தப்பு.

ஏஎம்டியில் வேறு சிக்கல். 2017-இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும், ஃபேன் கட்டுப்பாட்டுக்காக, உண்மைச் சூட்டோடு 20 டிகிரி கூட்டியே சொல்லின. அதைக் கழிக்காத மென்பொருளைப் பார்த்துப் பலர் வீணாகப் பயந்தார்கள்.

லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளை கொடுத்தால் ஏசிபிஐ வரியில் சில சமயம் 27.8 என்று வரும். சில டெஸ்க்டாப்களில் என்ன வேலை கொடுத்தாலும் அது அசையாது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் எழுதிவைத்த நிலையான எண் அது, எதையும் அளப்பதில்லை. இன்டெல் என்றால் கோர்டெம்ப், ஏஎம்டி என்றால் கே10டெம்ப் தலைப்பின் கீழே வருவதைப் பாருங்கள்.

95 டிகிரியைக் கண்டதும் கூலரை மாற்ற ஓடுவதும் எப்போதும் சரியல்ல. ரைசன் 9 7950எக்ஸ் முழு வேலையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. நல்ல கூலர் மாட்டினாலும் அந்த எண் இறங்காமல் போகலாம். கிடைத்த இடைவெளியில் சிப் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். எனவே கூலரை மாற்றிய பலன் தெரிய, கிளாக் வேகம் எத்தனை மெகாஹெர்ட்ஸ் ஏறியது என்று பாருங்கள்.