தேயிலைத் தொழிற்சாலையின் பழைய கணினிக் கணக்குகளை மீட்டு வைத்தல்

குன்னூர், கோத்தகிரிப் பகுதியில் முப்பது ஆண்டுகளாக இயங்கிவரும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலக அலமாரியைத் திறந்தால், ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய இலைக் கணக்கு ஃப்ளாப்பிகளும், கழற்றி வைத்த ஐ.டி.இ. என்ற பழைய இணைப்பு வகை ஹார்ட் டிஸ்க்கும், எதற்கென்று எவருக்கும் நினைவில்லாத சிடிகளும் கிடைக்கக்கூடும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது, ஜி.எஸ்.டி. கணக்குகளுக்கு, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள். ஆனால் ஓய்வுபெறும் தொழிலாளியின் பணிக்கொடைக்கு அவர் வேலையில் சேர்ந்த தேதி வேண்டும் என்பதால், கெடு முடிந்ததென்று எதையும் கழிப்பதற்கு முன், பழைய கூலிப் பதிவு எதில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

நம் மலையில் இவற்றுக்கு முதல் பகை ஓதம். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று வறண்டிருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே இந்த வேலைக்கு ஏற்றது. குளிர்ந்த கிடங்கிலிருந்து எடுத்த டிஸ்க்கை உடனே கதகதப்பான அறையில் பிரித்தால் அதன்மீது ஈரம் படியும். ஆகவே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடி, ஒரு நாள் அறையிலேயே வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும். காயட்டும் என்று தேயிலை உலர்த்தும் ட்ரையர் பக்கம் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தச் சூடும் தேயிலைத் தூளும் ஓதத்தைவிடக் கேடு செய்யும். பூசணம் பிடித்த ஃப்ளாப்பியை நல்ல ட்ரைவில் நுழைத்தால் அதன் தலைப்பகுதி அழுக்காகி, அடுத்து வரும் ஃப்ளாப்பிகளையும் கீறிவிடும் என்பதால், அத்தகையவற்றைத் தனியே ஒதுக்கிக் கடைசியில் பார்ப்பது நல்லது.

எடுத்த எடுப்பில் பழைய கணினிக்கு மின்சாரம் கொடுத்து, திறக்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த டிஸ்க் சுழலப்போகும் கடைசி முறையாகவே அது இருக்கலாம். அதைக் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக லினக்ஸ் கணினியில் இணைத்து, டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகலெடுக்க வேண்டும். நல்ல பகுதிகளை முதலில் படித்துக்கொண்டு, பழுதான பகுதிகளைப் பின்னுக்குத் தள்ளுவது அதன் முறை. ஃப்ளாப்பியானால், நகலெடுக்கும்போது அதில் எதுவும் எழுதப்படாதபடி முதலில் எழுத்துத் தடை இட வேண்டும். மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் மூலையிலுள்ள துளை திறந்திருந்தால் தடை. ஐந்தேகால் அங்குலத்தில் நேர்மாறாக, பக்கவாட்டு வெட்டை ஒட்டி மூடினால்தான் தடை. இனி எந்தச் சோதனையும் நகலில் மட்டுமே நடக்க வேண்டும்.

ஃபாக்ஸ்புரோ தரவு இருக்கும் டி.பி.எஃப். கோப்புகளை லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் திறக்கும். பழைய நிரலையே ஓட்டிப் பார்க்க வேண்டுமானால், 64 பிட் விண்டோஸ் பழைய டாஸ் இயங்குதளத்துக்கான நிரல்களை ஏற்காது என்பதால், டாஸ் கணினியைப் போலவே செயல்படும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் உதவும்.

பலரும் இடறி விழும் இடம் எழுத்துரு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவுவதற்கு முன் பல தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீடுகளைக் கொண்டிருந்ததால், இலை கொடுத்த விவசாயிகளின் பெயர்கள் இன்று ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதைக் கெட்டுப்போன தரவு என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். அதே கணினியிலுள்ள எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வைத்து, அதற்குரிய மாற்றியால் யூனிகோடாக்கிய பின், பத்துப் பெயர்களையாவது காகிதப் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும்; ஜோகி, ஹாலன் போன்ற கிரந்த எழுத்துப் பெயர்களை அதில் கட்டாயம் சேர்க்க வேண்டும். மாற்றப்படாத மூலக் கோப்பும் கூடவே இருக்கட்டும்.

இறுதி நகல்களில் ஒன்று அலுவலகத்திலும், மற்றொன்று மண்சரிவும் ஓதமும் எட்டாத மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ இருப்பது நலம். ஒவ்வொன்றுக்கும், கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் எஸ்.ஹெச்.ஏ. 256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் குறித்து வைத்து, ஆண்டுக்கொரு முறை, இலைவரத்து குறைந்த மாதத்தில், அந்த எண் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.