ஆல்ட்டோ சாக்ஸஃபோனுக்குக் காதைப் பழக்குவது எப்படி: ஹாட்ஜஸ் முதல் கவனம் பெறாத கலைஞர்கள் வரை

ஒரே இசைத்தட்டில் இரண்டு சாக்ஸஃபோன் ஒலித்தால் எது ஆல்ட்டோ, எது டெனர் என்று பிரித்தறியாமலேயே பலர் வருடக்கணக்கில் ஜாஸ் கேட்கிறார்கள். அது பிடிபடாதவரை கலைஞர்களின் பெயர்ப்பட்டியலை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் பயனில்லை. முதலில் கருவி, பிறகு அதை ஊதுகிறவரின் குரல், கடைசியில் ஊரறியாத பெயர்கள். இந்த வரிசையில் போனால் இரண்டு மாதத்தில் காது நன்றாகத் தேறிவிடும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு உருப்படி, அதையே மூன்று முறை கேட்டால் போதும். மூன்று ஆல்பங்களை ஒரே மாலையில் ஓடவிட்டால் எதுவும் தங்காது.

முதல் வேலை: டெனரிலிருந்து பிரிப்பது

ஆல்ட்டோ ஈ ஃப்ளாட் கருவி, டெனர் பி ஃப்ளாட் கருவி. அதாவது தாளில் ஸி என்று எழுதியதை ஊதினால் ஆல்ட்டோவில் ஈ ஃப்ளாட்டும் டெனரில் பி ஃப்ளாட்டும் ஒலிக்கும். டெனரைவிட ஆல்ட்டோ, ஸட்ஜத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள தூரம் அளவுக்கு மேலே நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம் என்பதால் இரண்டும் பெரும்பாலும் ஒரே எல்லைக்குள்தான் உலவுகின்றன. சுருதி உயரத்தை மட்டும் வைத்து முடிவுசெய்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரே ஸ்வரத்தை இரண்டும் பிடிக்கும்போது டெனர் எட்டிப் பிடிப்பதுபோல் இறுகி ஒலிக்கும். ஆல்ட்டோவுக்கோ அது சௌகரியமான நடு இடம். இந்த இறுக்கத்தைத்தான் காது தேடவேண்டும். கீழே போகும்போது சோதனை இன்னும் எளிது. ஆல்ட்டோவின் அடிமட்ட ஸ்வரம் பியானோவின் நடு ஸி-க்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் டி ஃப்ளாட். அதற்கும் கீழே இறங்கினால் நீங்கள் கேட்பது ஆல்ட்டோ அல்ல.

பயிற்சிக்கு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) ஆல்பத்தில் உள்ள 'ஸோ வாட்'டை எடுங்கள். ஸ்டீரியோ பதிவில் டெனர் வாசிக்கும் ஜான் கோல்ட்ரேன் இடது பக்கம், ஆல்ட்டோ வாசிக்கும் கேனன்பால் ஆடர்லி வலது பக்கம். மைல்ஸின் டிரம்பெட், கோல்ட்ரேன், ஆடர்லி, பியானோவில் பில் எவன்ஸ் என்ற வரிசையில் சோலோ, அதாவது தனி வாசிப்பு, வரும். ஐந்து நிமிடம் கடந்த சற்று நேரத்தில் கோல்ட்ரேன் முடித்து ஆடர்லி நுழையும் இடத்தைப் பத்து முறை திரும்பக் கேளுங்கள். இடப்பக்கத்தில் எஃகுக் கம்பிபோல் நீண்ட ஒலி நின்றதும், வலப்பக்கத்தில் கொழுத்த, சிரித்த முகமுள்ள ஒரு குரல் துள்ளிக்கொண்டு வரும். அந்த மாறுதல் ஒருமுறை உறைத்துவிட்டால் மறக்காது.

இதற்கு ஹெட்ஃபோன் கட்டாயம். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் பலவும் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும். இடது வலது என்ற உதவியே போய்விடும். போன் அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' இயக்கத்தில் இருந்தாலும் இதே கதிதான். ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கருவியோடு கூடவே வாசித்துப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஆல்பத்தில் ஒரு பொறி உண்டு. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளைப் பதிவுசெய்த டேப் கருவி சற்று மெதுவாக ஓடியதால், பழைய வெளியீடுகளில் அவை சரியான சுருதியைவிட ஏறி ஒலிக்கும். 1990-களில் வந்த பதிப்புகளிலிருந்து இது திருத்தப்பட்டது. பழைய ரெக்கார்டு வைத்திருப்பவர்கள் தங்கள் ரீடையோ (அதிர்ந்து ஒலி எழுப்பும் நாணல் பட்டை) மௌத்பீஸையோ (வாயில் வைத்து ஊதும் பகுதி) குறைசொல்ல வேண்டாம்.

குரல்களைப் பிரிப்பது

அடுத்தது ஆளை ஆளிலிருந்து பிரிப்பது. ஒலிக்குள் நுழையும் விதம், ஒலியின் கனம், சுருதியோடு உள்ள உறவு ஆகிய மூன்றைக் கவனித்தால் போதும்.

நுழையும் விதத்துக்கு ஜானி ஹாட்ஜஸைவிட நல்ல ஆசிரியர் இல்லை. 1928-ல் டியூக் எலிங்டன் குழுவில் சேர்ந்த இவர், இடையில் 1951 முதல் 1955 வரை விலகியிருந்ததைத் தவிர, 1970-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 'ஃபார் ஈஸ்ட் ஸ்யூட்' ஆல்பத்தில் வரும் 'இஸ்ஃபஹான்' அவருக்காகவே அமைந்த உருப்படி. எலிங்டன் குழு 1963-ல் மேற்காசியா, இந்தியா, இலங்கை வழியாகச் சென்ற பயணத்தை ஒட்டிப் பிறந்த ஆல்பம் இது. ஹாட்ஜஸ் ஸ்வரத்தில் நேராகக் கால்வைப்பதில்லை. சற்றுக் கீழே தொடங்கி, நாக்கால் வெட்டாமல் வழுக்கிக்கொண்டு மேலேறி, ஸ்வரத்தை அடைந்த பிறகுதான் ஒலியை விரிக்கிறார். கர்னாடக இசைக் காதுக்கு இதை விளக்க ஒரே சொல் போதும்: ஜாரு. ரீடைத் தொடும் கீழுதட்டின் பிடியைத் தளர்த்தினால் சுருதி இறங்கும். மெல்ல இறுக்கினால் ஏறும். விரல் மாறும் நொடியும் உதடு இறுகும் நொடியும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதால் நடுவில் படிக்கட்டே கேட்காது. ஆள்காட்டி விரலால் காற்றில் கோடு வரைந்துகொண்டே முதல் நிமிடத்தைக் கேளுங்கள். விரல் எங்கே வளைகிறது, எங்கே சமதளமாகப் போகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

கனத்துக்கு பால் டெஸ்மண்டையும் ஆடர்லியையும் அருகருகே வையுங்கள். டெஸ்மண்டின் ஒலி மூச்சு கலந்தது, எடையற்றது, அதிர்வு மிகக் குறைவு. அவரே இயற்றிய 'டேக் ஃபைவ்' (1959) ஐந்து அடித் தாளம். ஆனால் கண்ட நடையை 'தக தகிட' என்று எண்ணிப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். இதன் பின்னணி 'தகிட தக' என்று முன்பாரமாகப் போகிறது. கையால் அப்படிப் போட்டுக்கொண்டு கேட்டால், சோலோவில் டெஸ்மண்ட் அந்தக் கட்டைச் சட்டையே செய்யாமல் அதன்மேல் மிதப்பது புரியும். பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழுவோடு இவர் 1958-ல் மெட்ராஸுக்கும் வந்திருக்கிறார்.

சுருதிக்கு ஜாக்கி மெக்லீன். 'லெட் ஃப்ரீடம் ரிங்' (1962) கேட்கும் புதியவர்கள் முதலில் சொல்வது 'சுருதி சேரவில்லையே' என்பதுதான். மெக்லீன் பியானோவைவிட ஒரு மயிரிழை ஏற்றியே வாசிக்கிறார். அது கவனக்குறைவாக இருந்தால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். இவரிடமோ ஒரே சீராக, குரலின் ஒரு குணமாகவே நிற்கிறது. முதல் முறை பிடிக்கவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து வாருங்கள். எங்கள் கணிப்பில் ஆல்ட்டோ வரலாற்றிலேயே ஒரு நொடியில் அடையாளம் காணக்கூடிய ஒலி இவருடையதுதான்.

ஆர்ட் பெப்பரின் 'மீட்ஸ் த ரிதம் செக்‌ஷன்' (1957) வேறொரு விதத்தில் உதவும். அதன் ஸ்டீரியோ பதிவில் சாக்ஸ் ஒரு பக்கமும், பியானோவும் பேஸும் டிரம்ஸும் மறுபக்கமும் ஒதுங்கி நிற்கின்றன. போனின் அணுகல் வசதி அமைப்புகளில் இடது-வலது சமநிலையைச் சாக்ஸ் பக்கம் முழுக்கத் தள்ளினால் பெப்பர் ஏறக்குறையத் தனியாகவே கேட்பார். மறுபக்கம் தள்ளினால் நீங்களே கூட வாசித்துப் பழகப் பக்கவாத்தியம் தயார்.

பார்க்கரைக் கேட்கும் முறை

ஆல்ட்டோ கலைஞர் சார்லி பார்க்கரை (1920–1955) 'கோ-கோ'வின் மின்னல் வேகத்தில் தொடங்குவதுதான் வழக்கமான தவறு. மிரண்டுபோய் மூடிவைத்துவிடுவார்கள். 1948-ல் பதிவான 'பார்க்கர்ஸ் மூட்' மெதுவான ப்ளூஸ். பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சுற்று. பார் என்பது தாளத்தின் ஒரு கட்டம். ஒவ்வொரு பாருக்கும் நான்கு அடி. விரல்விட்டு எண்ணி, சுற்று முடிந்து மீண்டும் தொடங்கும் இடத்தை மூன்று முறை தவறாமல் பிடியுங்கள். பிறகு 70 சதவீத வேகத்தில் கேளுங்கள். வேகம் குறைக்கும் செயலியில் சுருதி மாறாமல் இருக்கும் வசதி இயக்கத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆல்ட்டோ டெனராகிவிடும், முதல் பாடம் வீணாகும். நான்கு பார் வாயால் பாட வந்தபிறகே கருவியைத் தொடுங்கள். பியானோவில் கண்டுபிடித்த ஸ்வரங்களை ஆல்ட்டோவுக்கு மாற்ற, பியானோ ஸி-யை ஆல்ட்டோவின் ஏ என்று கொள்ளவேண்டும். அதாவது பியானோவின் ஸட்ஜம் இருக்கும் இடத்தில் ஆல்ட்டோக்காரர் சதுஸ்ருதி தைவதத்தை எழுதுவார். இதை மறந்து எழுதினால் எல்லாமே தப்பாகக் கேட்கும்.

மௌத்பீஸ், கருவி வாங்குவதில் மூழ்கியிருப்பவர்கள் 1953 மே மாதம் டொராண்டோ மாஸி ஹாலில் பதிவான கச்சேரியைக் கேட்கவேண்டும். அன்று பார்க்கர் ஊதியது பிளாஸ்டிக்கில் செய்த கிராஃப்டன் ஆல்ட்டோ. குரல் மாறவேயில்லை.

கவனம் பெறாதவர்களைக் கண்டுபிடிப்பது

கவனம் பெறாத கலைஞர் எங்கோ அபூர்வமான ரெக்கார்டில் ஒளிந்திருப்பதில்லை. நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் புகழ்பெற்ற ஆல்பத்தில், வேறொருவர் பெயருக்குக் கீழே இருக்கிறார். இசைச் செயலிகளில் தேடினால் தலைமை தாங்கியவர் பெயரே முன்னால் வரும். ஆகவே ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அட்டைக்குறிப்பையோ டிஸ்காகிராஃபியையோ (இசைப்பதிவுகளின் விவரப் பட்டியல்) திறந்து, யார் என்ன வாசித்தார் என்று பாருங்கள். ஆல்ட்டோவுக்கு 'ஏஎஸ்', டெனருக்கு 'டிஎஸ்' என்ற சுருக்கம் இருக்கும். அந்தப் பெயரைத் தனி நோட்டில் எழுதி, அவர் வாசித்த இன்னொரு ஆல்பத்துக்குத் தாவுங்கள்.

பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் 'பிரில்லியண்ட் கார்னர்ஸ்' (1956) இதற்குப் பொருத்தம். டெனரில் சன்னி ரோலின்ஸ் எல்லோருக்கும் தெரியும். ஆல்ட்டோவில் இருப்பவர் எர்னி ஹென்றி. தலைப்பு உருப்படி அவ்வளவு கடினம். இருபத்தைந்து முறை முயன்றும் ஒன்றும் முழுதாகத் தேறாமல் டேப்பை வெட்டி ஒட்டித்தான் முடித்தார்கள். அந்தக் கோணல் சந்துகளில் ஹென்றியின் அழுகையொத்த குரல் வழிதேடிப் போவதைக் கேளுங்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் 31 வயதில் இறந்துபோனார்.

தேடும்போது புனைபெயர்கள் குழப்பும். மாஸி ஹால் தட்டின் அசல் அட்டையில் ஒப்பந்தச் சிக்கலால் பார்க்கர் பெயர் 'சார்லி சான்'. டிரம்பெட் கலைஞர் லூயிஸ் ஸ்மித்தின் 1958 ஆல்பத்தில் ஆடர்லி 'பக்‌ஷாட் லா ஃபங்க்' என்ற பெயரில் இருக்கிறார். முதல் படியில் பழகிய காது இருந்தால், அட்டை பொய் சொன்னாலும் யாரென்று தெரிந்துவிடும்.

ஏன் கவனம் பெறவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. காரணம் தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும். ஜாஸின் மையமான நியூயார்க்கைவிட்டு விலகி வாழ்ந்தவர் சன்னி கிறிஸ். லாஸ் ஏஞ்சலிஸ்காரர் என்றே அறியப்பட்ட இவரது நீண்ட ஸ்வரங்களின் முடிவில் வரும் வேகமான அதிர்வைக் கவனியுங்கள். பார்க்கரின் பாணியில் வளர்ந்த வேறு யாரும் இவ்வளவு பாடும் தன்மையோடு வாசித்ததில்லை. ஹொரேஸ் டாப்ஸ்காட் இயற்றி அமைத்த 'சன்னிஸ் டிரீம்' (1968) அவருடைய உச்சம். ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்க முடியும் என்றால் அதைக் கேளுங்கள். மெம்ஃபிஸில் பிறந்த ஃப்ராங்க் ஸ்ட்ரோஸியரின் 1960 ஆல்பத்தில் டிரம்பெட்டில் புக்கர் லிட்டில் இருக்கிறார். பியானோ, பேஸ், டிரம்ஸில் அப்போது மைல்ஸோடு வாசித்த வின்டன் கெல்லி, பால் சேம்பர்ஸ், ஜிம்மி காப். இத்தனை பெரிய துணை இருந்தும் பெயர் நிலைக்கவில்லை.

ஜீஜீ கிரைஸ் சொந்த இசைப் பதிப்பு நிறுவனம் நடத்தி, அதெல்லாம் கைவிட்டுப்போன பின் மேடையைவிட்டே விலகி, பாஷீர் குஸிம் என்ற பெயரில் நியூயார்க் பள்ளிகளில் ஆசிரியராக வேலைபார்த்தார். இயற்றியவராகவும் அவரைத் தேடுங்கள். 'மைனாரிட்டி' இன்றும் வாசிக்கப்படுகிறது. வை ரெட் பெண் என்பதாலேயே ஓரங்கட்டப்பட்டவர். 'பேர்ட் கால்' (1962) ஆல்பத்தில் பாடவும் செய்கிறார். ஜேம்ஸ் ஸ்பால்டிங்கை 1960-களின் வேய்ன் ஷார்ட்டர், ஃப்ரெடி ஹப்பார்ட் ஆல்பங்களில் தேடுங்கள். புல்லாங்குழலும் வாசிப்பதால் பட்டியலில் இரண்டு கருவிகளுக்கும் நேரே பாருங்கள். ஜோஹானஸ்பர்க்கின் கிப்பி மொகெட்ஸி 'ஜாஸ் எபிஸில்ஸ்' குழுவின் ஒரே ஆல்பத்தில் கிடைப்பார்.

ஜமைக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஜோ ஹேரியட்டுக்குத் தனி எச்சரிக்கை. நம்மவர்கள் முதலில் எடுப்பது கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரோடு அவர் செய்த 'இண்டோ-ஜாஸ் ஸ்யூட்' (1966). அதில் எழுதிவைத்த இசை அதிகம். ஹேரியட் கட்டுக்குள் நிற்கிறார். 1960-ல் பதிவான 'ஃப்ரீ ஃபார்ம்' ஆல்பத்தை முதலில் கேளுங்கள். சட்டகத்தை உடைத்தும் ஒவ்வொரு வரியையும் கூர்மையாக முடிக்கும் அந்த ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்யூட்டுக்கு வந்தால் அவர் எதை அடக்கிவைக்கிறார் என்பது கேட்கும்.

கடைசித் தேர்வு: ஆல்ட்டோவுக்கு எதிரே ஆல்ட்டோ

ருத்ரேஷ் மகந்தப்பாவின் 'கின்ஸ்மென்' (2008) ஆல்பத்தில் அவரும் கத்ரி கோபால்நாத்தும் இரண்டு ஆல்ட்டோ வாசிக்கிறார்கள். கன்யாகுமாரியின் வயலினும் பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் உண்டு. இங்கே டெனரைப் பிரித்த உத்தி உதவாது, கருவி ஒன்றே. கத்ரியிடம் ஸ்வரம் கமகத்தோடு வளைந்து அடுத்ததைத் தொடும். மகந்தப்பாவிடம் ஒவ்வொரு ஸ்வரமும் நாக்கால் குத்தப்பட்டு விளிம்போடு நிற்கும். திரையைப் பார்க்காமல் ஓடவிட்டு, ஆள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் காகிதத்தில் 'க' அல்லது 'ம' என்று எழுதுங்கள். இருவரும் சேர்ந்து ஒரே வரியை வாசிக்கும் இடத்துக்கு இரண்டெழுத்தையும் போடுங்கள். மறுநாள் அதே உருப்படிக்குப் புதுத் தாளில் எழுதி, இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால், மகந்தப்பா தன் முன்னோடியாகக் கருதிய பங்கி கிரீனோடு சேர்ந்து வாசித்த 'ஏபெக்ஸ்' (2010) ஆல்பத்தை எடுக்கலாம். அதில் இருவருமே கூர்மையாக வாசிப்பவர்கள். தாள் இன்னும் கொஞ்சம் அடித்தல் திருத்தலோடுதான் வரும்.