புது அப்டேட் போட்ட போனை நம் கைக்குப் பழக்குவது எப்படி?

ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ தக்காளி ஏற்றிவிடுகிறவர்களுக்கு மண்டி விலை வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. விடியற்காலையில் வந்திருக்க வேண்டிய பத்துச் செய்தியும் போனைக் கையில் எடுத்த பிறகுதான் ஒரேயடியாக வந்து விழுகிறது என்றால், உடனே சிம் கம்பெனியைத் திட்ட வேண்டாம். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக இயங்குதளம் வாட்ஸ்அப்பைத் தூங்க வைத்திருக்கும். பெரிய அப்டேட் போட்ட கையோடு இது அடிக்கடி நடக்கும். நாம் முன்பு மாற்றி வைத்த சில அமைப்புகள் பழைய நிலைக்கே திரும்பிவிடுவதுதான் காரணம்.

முதலில் செய்தியைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஆண்ட்ராய்டு 16, 2025 ஜூன் 10-ல் கூகுளின் பிக்சல் போன்களுக்கு வெளியானது. சாம்சங் அதை ஒன் யூஐ 8 என்ற பெயரில், ஏற்கெனவே விற்ற போன்களுக்குச் செப்டம்பரிலிருந்து தரத் தொடங்கியது. ரெட்மி, போக்கோ போன்களில் பழைய மியூஐ போய் ஹைப்பர்ஓஎஸ் வந்துவிட்டது. விவோ போன்களில் ஃபன்டச் இருந்த இடத்துக்கு ஆரிஜின்ஓஎஸ் வந்துகொண்டிருக்கிறது. ஆப்பிள் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் பதிப்பு எண்ணில் 18-லிருந்து நேராக 26-க்குத் தாவியது. ஐஓஎஸ் 26, 2025 செப்டம்பர் 15-ல் வந்தது. ஐபோன் 11-ம் அதற்குப் பிந்தைய போன்களும்தான் அதை ஏற்கும். எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது.

புதிதாகப் போன் வாங்கப் போகிறவர்கள் கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "இதற்கு எத்தனை வருடம் அப்டேட் வரும்?" என்று கேளுங்கள். கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் பிக்சல் 8 முதலான போன்களுக்கும் 7 ஆண்டு என்று அந்தந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. விலை குறைந்த கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்குக்கூட 6 ஆண்டு உண்டு. கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் அந்த மாடலைத் தள்ளி வையுங்கள்.

அப்டேட் போடும் முன்

பெரிய அப்டேட் சில ஜிபி அளவில் வரும். தினம் 1.5 அல்லது 2 ஜிபி டேட்டா பிளானில் இறக்கினால் பாதியிலேயே வேகம் படுத்துவிடும். ஃபைபர் வைஃபை இருக்கும் இடத்தில், சார்ஜ் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது தொடங்குங்கள். போனில் 10 முதல் 15 ஜிபி வரை இடம் காலியாக இருப்பது நல்லது. இடம் இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போய்ப் பாருங்கள். எந்தக் குழு எத்தனை ஜிபி விழுங்கியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். காலை வணக்க வீடியோக்களை அழித்தாலே பெரும்பாலும் போதும்.

வாட்ஸ்அப் பேக்கப்பையும் எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் அது கூகுளின் இலவச 15 ஜிபி கணக்கிலேயே சேர்கிறது. அந்த இடம் நிரம்பியிருந்தால் பேக்கப் நின்று போயிருக்கும். அதனால் கடைசியாக பேக்கப் ஆன தேதியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்டேட் முடிந்து இரண்டு மூன்று நாள் போன் கொஞ்சம் சூடாகும், சார்ஜும் சீக்கிரம் இறங்கும். எல்லா ஆப்களையும் புதிய பதிப்புக்கு ஏற்ப மறுபடி ஒழுங்குபடுத்தும் வேலை பின்னணியில் நடப்பதால் வருவது இது, தானாக அடங்கிவிடும். இதற்குப் பயந்து, போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் அடிக்காதீர்கள். ரீசெட் அடித்தால் யூபிஐ ஆப்களை மறுபடி பதிவு செய்ய வேண்டிவரும். அதற்கு வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் அதே போனில் இருக்க வேண்டும், அதிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மோடு ரீசெட் அடித்துவிட்டுச் சந்தையில் நின்று தவிப்பவர்கள் நிறைய.

செய்தியும் அழைப்பும் தவறாமல் வர

இதற்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எந்த ஆப்பின் செய்தி உடனே வர வேண்டுமோ அதன் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ திறக்க வேண்டும். அதற்குப் பிறகு கம்பெனிக்குக் கம்பெனி வழி மாறும்.

ரெட்மி, போக்கோவில் ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்து, பேட்டரி சேவரில் "நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" வைக்கவும். ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் பேட்டரி யூசேஜுக்குள் போய் "அலவ் பேக்ரவுண்ட் ஆக்டிவிட்டி", "அலவ் ஆட்டோ லாஞ்ச்" இரண்டையும் ஆன் செய்யவும். ஒன்றை மட்டும் ஆன் செய்தால் வேலைக்காகாது. விவோவில் செட்டிங்ஸ், பேட்டரி, பேக்ரவுண்ட் பவர் கன்சம்ப்ஷன் மேனேஜ்மென்ட் வழியே போய் அந்த ஆப்புக்குக் கட்டுப்பாட்டை நீக்கவும். சாம்சங்கில் பேட்டரிக்குள் பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ் இருக்கும். அதில் "நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங் ஆப்ஸ்" பட்டியலில் ஆப்பைச் சேர்க்கவும். பிக்சல், மோட்டோவில் ஆப் பேட்டரி யூசேஜ், "அன்ரெஸ்ட்ரிக்டட்". நான்கைந்து ஆப்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் திறந்துவிட்டால் சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

ஆப் இன்ஃபோவின் அடியில், பயன்படுத்தாத ஆப்பை நிறுத்திவைக்கும் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். சில மாதம் திறக்காத ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானே பறித்துவிடுவது இதனால்தான். மாம்பழப் பருவத்தில் மட்டும் திறக்கிற ஆப், எப்போதாவது பார்க்கிற தோட்டத்துக் கேமரா ஆப் போன்றவற்றுக்கு இந்தச் சுவிட்சை ஆஃப் செய்து வைக்கலாம்.

அடுத்து போர்வெல் மோட்டார். மும்முனை மின்சாரம் வந்ததும் அழைத்துச் சொல்லும் மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். ஸ்டார்ட்டரில் போட்ட சிம்மின் எண்ணை "மோட்டார்" என்று பெயர் போட்டுச் சேமிக்கவும். சிம்மில் சேமிக்காமல் போனிலோ கூகுள் கணக்கிலோ சேமிக்க வேண்டும். சிம்மில் சேமித்த எண்ணுக்குத் தனி ரிங்டோனும் நட்சத்திரக் குறியும் வைக்க முடியாது. சேமித்த பிறகு அந்தத் தொடர்பைத் திறந்து நட்சத்திரத்தைத் தொடுங்கள். மூன்று புள்ளி மெனுவில் செட் ரிங்டோன் போய், தூக்கத்திலும் காதில் விழுகிற மாதிரி ஒன்றை வையுங்கள். பின் செட்டிங்ஸில் டு நாட் டிஸ்டர்ப், பீப்பிள், கால்ஸ் போய் "ஸ்டார்டு கான்டாக்ட்ஸ்" (நட்சத்திரமிட்ட தொடர்புகள்) தேர்ந்தெடுங்கள். இனி இரவில் மற்றதெல்லாம் அமைதியாக இருந்தாலும் மோட்டார் அழைப்பு மட்டும் அடிக்கும். எண்ணைச் சேமிக்காமல் விட்டால், தெரியாத அழைப்பை அடக்கும் வசதி அதையும் சேர்த்து அடக்கிவிடும். ஐஓஎஸ் 26-ல் இந்த வசதி செட்டிங்ஸ், ஆப்ஸ், ஃபோன் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே "சைலன்ஸ்" தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் டு நாட் டிஸ்டர்பை ஆன் செய்துவிட்டு மோட்டார் எண்ணிலிருந்து ஒருமுறை அழைப்பு வரவைத்துச் சோதியுங்கள். சோதிக்காமல் நம்பிப் படுத்துவிடாதீர்கள்.

தமிழ் எழுத்து, தமிழ் விசைப்பலகை

போனையே தமிழுக்கு மாற்ற செட்டிங்ஸ், சிஸ்டம், லாங்குவேஜஸ் போய்த் தமிழைச் சேர்த்து மேலே இழுத்து வைக்கவும். ஆண்ட்ராய்டு 13 முதல் ஆப் லாங்குவேஜஸ் என்ற வசதியும் உண்டு. போன் ஆங்கிலத்தில் இருக்க, இந்த வசதியை ஆதரிக்கிற ஆப்பை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பெங்களூரு வேலையில் கன்னடம் என்று பேசுகிற ஓசூர்க்காரர்களுக்கு இது நல்ல வசதி.

கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் லாங்குவேஜஸ், ஆட் கீபோர்ட் போய்த் தமிழைத் தொட்டால், நேரடித் தமிழ் எழுத்துகள் ஒன்று, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாகும் வகை ஒன்று என்று காட்டும். இளையவர்களுக்கு இரண்டாவது, பெரியவர்களுக்கு முதலாவது. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் என்ற விசைப்பலகைகள் இரண்டும் போனிலேயே இருக்கின்றன. தட்டவே வராதவர்களுக்கு ஜிபோர்டில் மைக் பொத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்பேஸ் பட்டையை அழுத்திப் பிடித்துத் தமிழைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மைக்கைத் தொட வேண்டும். ஆங்கிலத்தில் விட்டுவிட்டுத் தமிழ் பேசினால் பொருளில்லாத ஆங்கிலச் சொற்கள் வந்து கொட்டும். மொழிகளை மூன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். மாற்றி மாற்றி வருவதற்குள் பொறுமை போய்விடும்.

எழுத்தைப் பெரிதாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்ப்ளே அமைப்பில் ஃபான்ட் சைஸ், டிஸ்ப்ளே சைஸ் என்று இரண்டு கோடுகள் இருக்கும். இரண்டையும் கடைசி வரை இழுத்தால், தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளமாக இருப்பதால் பொத்தான்களில் பாதிச் சொல் வெட்டுப்படும்; சில ஆப்களில் "அனுப்பு" பொத்தானே திரைக்கு வெளியே போய்விடும். ஃபான்ட் சைஸை இரண்டு படி, டிஸ்ப்ளே சைஸை ஒரு படி ஏற்றி, போல்டு டெக்ஸ்ட்டை ஆன் செய்தால் கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்கு வரும். தீம் கடையில் கிடைக்கும் அலங்கார எழுத்துருக்கள் வேண்டாம். பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. ஒரே வரியில் ஆங்கிலம் ஒரு தோற்றத்திலும் தமிழ் வேறு தோற்றத்திலும் நிற்கும்.

ஐஓஎஸ் 26-ன் கண்ணாடி போன்ற லிக்விட் கிளாஸ் தோற்றம் அறைக்குள் அழகு. வெயிலில், தோப்பில் நின்று பார்த்தால் பின்னணிப் படமும் எழுத்தும் ஒன்றோடொன்று கலந்துபோகும். 26.1 பதிப்பு முதல் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ், லிக்விட் கிளாஸ் போய் "டின்டட்" வைத்துக்கொள்ளலாம். அதுவும் போதவில்லை என்றால் அக்சஸிபிலிட்டி, டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் என்பதற்குள் "ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி"யை ஆன் செய்யவும்.

வேகம், விளம்பரம், சிக்னல்

பழைய போனை விறுவிறுப்பாக்க அபவுட் ஃபோன் உள்ளே பில்டு நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். ரெட்மியில் ஓஎஸ் வெர்ஷனைத் தட்ட வேண்டும். அதில் விண்டோ அனிமேஷன் ஸ்கேல், டிரான்சிஷன் அனிமேஷன் ஸ்கேல், அனிமேட்டர் டியூரேஷன் ஸ்கேல் மூன்றையும் 1-லிருந்து 0.5 ஆக்குங்கள். திரை மாறும் நேரம் பாதியாகும். ஆனால் சில வங்கி ஆப்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தால் திறக்க மறுக்கும். ஆஃப் செய்தால் பல போன்களில் அந்த 0.5 மறுபடி 1-க்கே போய்விடும். வங்கி ஆப் முக்கியம் என்பவர்கள் அக்சஸிபிலிட்டியில் "ரிமூவ் அனிமேஷன்ஸ்" போட்டுக்கொள்வதே சரி. பூட்லோடர் என்ற பூட்டைத் திறந்து வேறு ரோம் (கம்பெனி தராத இயங்குதளம்) போடும் யோசனை இருந்தால் அதற்குத் தனியாக ஒரு பழைய போன் வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது போனில் இருப்பதெல்லாம் அழியும், பிறகு பணம் அனுப்பும் ஆப்களும் முரண்டு பிடிக்கும்.

ரெட்மியில் விளம்பரம் தொல்லை என்றால் செட்டிங்ஸின் தேடல் பட்டையில் "ஆதரைசேஷன்" என்று தேடி, ஆதரைசேஷன் அண்ட் ரிவோகேஷன் பட்டியலில் எம்எஸ்ஏ என்பதை ஆஃப் செய்யவும். 10 வினாடி காத்திருக்கச் சொல்லும். முதல் முறை முடியவில்லை என்று காட்டினாலும் இரண்டு மூன்று முறை முயன்றால் ஆஃப் ஆகிவிடும்.

மலைப்பக்கம், அஞ்செட்டி, சித்தேரி மாதிரியான இடங்களுக்குப் போகும்போது 5ஜி சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி கரையும். மொபைல் நெட்வொர்க் அமைப்பில் பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்பை 4ஜி வரை என்று வைத்துவிடுங்கள். ஜியோ சிம் என்றால் 2ஜி, 3ஜி பக்கமே போகக்கூடாது. ஜியோவில் அவை கிடையாது, போன் செத்த மாதிரி கிடக்கும். வீட்டில் ஃபைபர் இருந்து சிக்னல் இல்லை என்றால் வைஃபை காலிங்கை ஆன் செய்தால் அழைப்பு தெளிவாக வரும்.

ஏபிகே கோப்பு, திருட்டு

கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சீட்டு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளால் (தொட்டால் ஆப்பை நேரடியாக நிறுவுபவை) பணம் போகிறது. செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் அக்சஸ், இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் திறந்து வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் எல்லாவற்றுக்கும் அனுமதியை ஆஃப் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்கள் போனில் இதை இன்றைக்கே செய்யுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் தயாரித்த ஆப்களைத் தடுக்கப்போவதாக கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவாக்குவது திட்டம். அதுவரை நம் கையில் இருக்கும் பூட்டு இந்த அனுமதி சுவிட்ச்தான்.

பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால், அந்த அசைவை உணர்ந்து தானே பூட்டிக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு 10 முதல் பல போன்களுக்கு வந்திருக்கிறது. செட்டிங்ஸில் "தெஃப்ட்" என்று தேடி தெஃப்ட் டிடெக்ஷன் லாக், ஆஃப்லைன் டிவைஸ் லாக் இரண்டையும் ஆன் செய்யவும். ஐபோனில் ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோடு உள்ளே ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன். கடைசியாக *#06# அழுத்தினால் வரும், போனின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்கள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் காவல் நிலையப் புகாரிலும், போனை முடக்க மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் கேட்பது அந்த எண்ணைத்தான்.