கரண்ட் போனாலும் நெட் வேண்டும்: மொபைல் ஹாட்ஸ்பாட் போடுவது எப்படி?

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர்க்காரர்கள் மெழுகுவர்த்தி, பால் பவுடரோடு பவர் பேங்க்கையும் எடுத்து வைத்துவிடுகிறோம். 2011-இல் ‘தானே’ புயல், 2024-இல் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று பார்த்துவிட்ட ஊர் இது. கரண்ட் போனால் வீட்டு ஃபைபர் மோடமும் அணைந்துவிடும். ஆனால் டவரில் பேட்டரியோ டீசலோ இருக்கும்வரை மொபைலில் சிக்னல் வரும். அந்த நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பதுதான் ஹாட்ஸ்பாட். ஃபெஞ்சல் சமயத்தில் வேலையை முடிக்க எனக்குக் கைகொடுத்த முறையை எழுதுகிறேன்.

முதலில் ஆண்ட்ராய்டு. மொபைல் டேட்டாவை ஆன் செய்துவிட்டு, செட்டிங்ஸில் ‘ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்’ பகுதிக்குப் போங்கள். பெயர், பாஸ்வேர்டு வையுங்கள். செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 (பாஸ்வேர்டு கேட்கும் பாதுகாப்பு முறைகள்) இருக்கட்டும். பாஸ்வேர்டு இல்லாமல் மட்டும் திறந்து வைக்காதீர்கள். உங்கள் ஒரு நாள் டேட்டா பக்கத்து வீட்டு வீடியோவில் கரைந்துவிடும்.

சரி, எல்லாம் போட்டாயிற்று, ஆனால் லேப்டாப்பில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரே வரவில்லையா? என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்த இடம் இதுதான். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் பட்டியலில் வரிசையாக நிற்கும், மேசைமேல் இருக்கும் நம் போன் மட்டும் இருக்காது. காரணம் ‘பேண்ட்’, அதாவது அலைவரிசை. வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. புதிய போன்கள் சில தாமாகவே 5-இல் ஹாட்ஸ்பாட் போடுகின்றன. பழைய லேப்டாப், விலை குறைந்த பிரிண்டர் போன்றவற்றில் 2.4 மட்டுமே இருக்கும். அவற்றுக்கு 5 கண்ணிலேயே படாது. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் ‘பேண்ட்’ என்பதை 2.4 ஆக்குங்கள். சில போன்களில் அது ‘எக்ஸ்டெண்ட் கம்பாட்டிபிலிட்டி’ என்ற பெயரில் இருக்கும். ஐபோன் 12-உம் அதற்குப் பின் வந்தவையும் என்றால் ‘பர்சனல் ஹாட்ஸ்பாட்’ பக்கத்தில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யை ஆன் செய்யுங்கள்.

என் கட்சி பெரும்பாலும் 2.4தான். 5-இல் வேகம் கூடுதல், ஆனால் சுவரைத் தாண்டச் சிரமப்படும். மஞ்சக்குப்பம் பக்கத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும், புதுச்சேரி பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியிலும் சுவர் எவ்வளவு தடிமன் என்று உங்களுக்கே தெரியும். சிக்னல் வரும் ஜன்னலோரம் போனை வைத்துவிட்டு உள் அறையில் உட்கார வேண்டுமென்றால் 2.4 போடுங்கள். போனும் லேப்டாப்பும் ஒரே மேசையில் என்றால் 5 போதும்.

அதைவிட எனக்குப் பிடித்தது யூஎஸ்பி டெதரிங். கேபிளால் போனை லேப்டாப்பில் இணைத்து, அதே பக்கத்தில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய்தால் முடிந்தது. கேபிள் செருகும்வரை அந்த பட்டன் மங்கலாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். செருகியும் மங்கலாக இருந்தால் அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்; டேட்டா கேபிளாக மாற்றுங்கள். வைஃபை ஹாட்ஸ்பாட் பேட்டரியைக் குடித்துவிடும். யூஎஸ்பி டெதரிங்கில் லேப்டாப்பிலிருந்தே போனுக்கு சார்ஜும் ஏறுகிறது. வைஃபை இல்லாத டெஸ்க்டாப்புக்கும் இது சரிப்படும்.

இணைந்ததும் முதல் வேலை: விண்டோஸில் அந்த நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், டேட்டா அளவானது என்று லேப்டாப்புக்குச் சொல்லும் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் அப்டேட்டும் ஒன்டிரைவும் பின்னால் சத்தமில்லாமல் டேட்டாவைத் தின்றுவிடும். தினசரி 1.5 ஜிபி பேக் தீர்ந்தால் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் மெயில் திறப்பதே பெரும்பாடு.

ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்டால் ரயில்வேயின் நிறுவனமான ரெயில்டெல்லின் ‘ரெயில்வயர்’ வைஃபை இருக்கிறதா பாருங்கள். மொபைல் எண்ணுக்கு வரும் ஓடிபி போட்டால் முதல் அரை மணி நேரம் இலவசம். அதே மாதிரி பெயரில் யார் வேண்டுமானாலும் போலி வைஃபை போடலாம் என்பதால், பணம் அனுப்பும் வேலையை மட்டும் சொந்த டேட்டாவில் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த நண்பர் ஒருவர், ஹாட்ஸ்பாட் பட்டனே ஆன் ஆகவில்லை என்றார். ஆண்ட்ராய்டில் ‘டேட்டா சேவர்’ ஆனில் இருந்தால் பல போன்கள் ஹாட்ஸ்பாட்டை அனுமதிக்காது. அதை ஆஃப் செய்ததும் வேலை செய்தது. ஐபோன் வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு வேறு சிக்கல்: ஹாட்ஸ்பாட் லேப்டாப்பில் தெரியவில்லை. லேப்டாப் இணையும்வரை ‘பர்சனல் ஹாட்ஸ்பாட்’ பக்கத்தை மூடாமல் திறந்தே வைத்திருங்கள் என்றேன், வந்துவிட்டது.